பகவதியம்மாள் ஊற்றிய தண்ணீர்

கோலப்பன் தன் வீட்டுக்கு முதன்முதலாக வருகிற யாரையும் நேரே உள்ளே கூட்டிக்கொண்டு போகமாட்டார். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் தோட்டத்தின் வடகிழக்கு மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் மீன்குளத்தைக் காட்டுவார். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், இடுப்பளவு ஆழம். ஒரு பக்கம் கருங்கல் படி. ஈசான மூலையில் தண்ணீர் நிற்கவேண்டும் என்று வாஸ்துக்காரன் சொன்னதால் வீடு கட்டும்போதே கட்டிய சிமெண்டுக் குளம். சிவப்பும் வெள்ளையுமாகத் திரிகிற கெண்டைகளைப் பார்த்துவிட்டு வந்தவர், "மீனுக்குக் காத்து வேணுமே, மோட்டார் ஒண்ணையும் காணலியே?" என்று கேட்பார். கேட்காவிட்டால் கோலப்பன் கேட்க வைப்பார்.

"மோட்டார் எதுக்கு வோய்? இந்தா நிக்கே, பகவதி மோட்டாரு. ஒரு ஹார்ஸ் பவர். கரண்டு வேண்டாம், கஞ்சி போதும்."

வந்தவர் சிரிப்பார். கோலப்பன் அதைவிடப் பலமாகச் சிரிப்பார். வாளியோடு நிற்கிற தங்கை பகவதியம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தக் கேலி அவளுக்குப் பிடித்திருந்தது. இந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதை வேறு யாராலும் செய்யமுடியாது என்று அண்ணன் ஊரறியச் சொல்வதாகவே அவள் எடுத்துக்கொண்டாள்.

எடுத்துக்கொள்வதற்கு வேறு அதிகம் இருக்கவில்லை. இருபத்தொரு வயதில் பொன்னுலிங்கம் என்ற ரப்பர் பால்வெட்டுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டுக் குலசேகரம் பக்கம் போனாள். மூன்றாவது வருஷம் தோட்டத்தில் பாம்பு கடித்து அவன் செத்தான். பதினாறாம் நாள் சடங்கு முடிந்த கையோடு மாமியார் வீட்டுக்காரர்கள் அவளுடைய துணி மூட்டையையும் அவளையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். பிள்ளை இல்லை. அதே வருஷம் கோலப்பனின் மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். வடசேரிச் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த கோலப்பன், ஒரு கையில் பச்சைப்பிள்ளையும் ஒரு கையில் ஏத்தன்குலையுமாக நின்றபோது பகவதி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "நல்ல நேரத்துல ஒன் மாப்பிள செத்தாம்ட்டி" என்று கோலப்பன் அன்றைக்குச் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அவருக்கு வாய் அப்படி.

அந்தப் பிள்ளை ராஜகுமார் வளர்ந்து, படித்து, மஸ்கட்டுக்குப் போனான். அவன் போனபிறகு அவளுக்குக் கிடைத்த பிள்ளைதான் குளம்.

குளம் கட்டிய முதல் கோடையில் ஆறு மீன்கள் செத்தன. வியாதி என்றார்கள், கண்ணேறு என்றார்கள். பகவதியம்மாள்தான் கண்டுபிடித்தாள். விடிவதற்கு முன்னால் மீன்கள் எல்லாம் மேலே வந்து, வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன. வெயில் ஏறினால் கீழே இறங்கிவிடுகின்றன. ஒருநாள் படியில் நின்று வாளியைக் கழுவிக் கவிழ்த்தபோது, தண்ணீர் விழுந்த இடத்துக்கு அத்தனை மீனும் கூடிவந்தன. அன்றிலிருந்து தினமும் அவள் நாலரை மணிக்கு எழுந்து படியில் நிற்பாள். குளத்துத் தண்ணீரையே கோரி, தோளுக்கு மேலே தூக்கி, பிளந்து விழும்படி ஊற்றுவாள். தாழ்த்தி ஊற்றினால் பிரயோசனமில்லை, உயரத்திலிருந்து உடைந்து விழுந்தால்தான் தண்ணீருக்குள் காற்று இறங்கும் என்பதை அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. எத்தனை வாளி என்று எண்ணமாட்டாள். அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற நிழல்தாங்கலில் கேட்டுப் பழகிய படிப்பை, அந்தத் துதியை, வாய்க்குள் ஒருமுறை முழுக்கச் சொல்லி முடிப்பாள். படிப்பு முடிந்தால் மீனுக்கு மூச்சு வந்துவிட்டது என்று கணக்கு. மிஞ்சிய பதினொரு மீனும் கீழே இறங்கும். அதன்பிறகுதான் அடுப்பு.

பன்னிரண்டு வருஷம் இது நடந்தது. வலது தோள் இறங்கிப்போயிற்று. ஒரு மீன்கூட சாகவில்லை.

போன சித்திரையில் ராஜகுமார் மஸ்கட்டை முடித்துக்கொண்டு மனைவி அஞ்சுவோடு திரும்பிவந்தான். வந்த மாதமே வண்ணமீன் கடை வைத்திருக்கும் வினோஜைக் கூட்டிவந்து குளத்துக்குக் காற்று மெஷின் வைத்தான். கார் செட்டுச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து குளத்துக்குள் நாலு குழாய், ஒவ்வொரு குழாயின் முனையிலும் காற்றைக் குமிழாகத் துப்புகிற கல். சுவிட்சைப் போட்டதும் குளம் கஞ்சி கொதிப்பதுபோலக் கொதித்தது.

"இனி அத்தைக்கு ரெஸ்ட்" என்றான் ராஜகுமார்.

"மோட்டாரு ரிட்டயர்டு" என்றார் கோலப்பன். "பென்சன் உண்டுமாலே?"

எல்லோரும் சிரித்தார்கள். மெஷின் இருக்கிற தைரியத்தில் ராஜகுமார் மேலும் முப்பது மீன்களை வாங்கி விட்டான். வினோஜ் தலையைச் சொறிந்தான். "இந்தக் குளத்துக்கு மீனு கூடுதலுதான் அண்ணே. மெஷின் ஓடுகது வர கொழப்பம் இல்ல. நின்னுச்சுன்னா அர மணிக்கூறு தாங்காது, பாத்துக்கிடுங்க." இன்வெர்ட்டரில் இணைத்திருப்பதால் கரண்டு போனாலும் நிற்காது என்றான் ராஜகுமார். அந்தப் பேச்சில் பகவதியம்மாளின் காதில் விழுந்தது ஒன்றுதான்: மெஷின் நிற்கவும் கூடும்.

வைகாசியில் அஞ்சுவின் பேச்சு தொடங்கியது. அவளுடைய அம்மாவுக்கு இரண்டு மூட்டும் தேய்ந்து ஆபரேஷன் சொல்லியிருந்தார்கள். குழித்துறையில் தனியாக இருக்கிறாள், மாடிப்படி ஏறமுடியாது. இந்த வீட்டில் கீழே இருப்பது இரண்டே அறைகள். ஒன்று கோலப்பனுடையது. மற்றது அடுக்களையை ஒட்டி, குளத்தைப் பார்த்த ஜன்னலோடு இருக்கும் பகவதியம்மாளின் அறை. "அத்தைக்கு மேல ஏறதுக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்லியே" என்று ஒருநாள் சொன்னாள். இன்னொரு நாள், "இப்பம் வயசானவங்களுக்கு நல்ல நல்ல இல்லமெல்லாம் இருக்குவு மாமா, நம்ம வீட்டவிட வசதி" என்றாள். கோலப்பன் வெற்றிலையை மென்றார். பகவதியம்மாள் அன்றைக்கு மீன்குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

"என்னட்டி, கடல மொண்டு ஊத்தினியா?" என்றார் கோலப்பன். "மூள போயிட்டு ஒனக்கு."

ஆடிக் காற்றில் ஒருநாள் விடியற்காலை பிளக் தளர்ந்து மெஷின் நின்றிருந்தது. பழக்கத்தில் எழுந்து வந்த பகவதியம்மாள் பார்த்தாள். குளம் முழுக்க வாய். வாளியை எடுத்து ஊற்றினாள். ராஜகுமார் சத்தம் கேட்டு ஓடிவந்து பிளக்கை அழுத்தினான். மீன்கள் பிழைத்தன. "அத்தை இல்லன்னா இண்ணைக்கு எல்லாம் போயிருக்கும்" என்று அவன் காப்பி குடிக்கும்போது இரண்டு தடவை சொன்னான். கோலப்பன் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பழைய மோட்டாருக்க பவர பாத்தீரா?" என்றார். அந்த வாரம் அஞ்சு தன் அம்மாவின் மூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினைந்து நாள் கழித்துப் பேசினாள்.

மறுநாள் விடிவதற்கு முன் பகவதியம்மாள் கார் செட்டுக்குப் போய் சுவிட்சை அமர்த்தினாள். குமிழ்கள் நின்றன. அவள் படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். கால்மணி நேரத்தில் முதல் மீன் மேலே வந்தது. பிறகு மற்றவை. வாய்கள் பிளப்பதைப் பார்த்துக்கொண்டே வாளியை எடுத்தாள். கோலப்பன் ஐந்தேகாலுக்குப் பல்குச்சியோடு வெளியே வருகிறவர். வந்தார், பார்த்தார், "ஏலே ராசு, மெஷின் நின்னுட்டுலே!" என்று கத்தினார். அதற்குள் பகவதியம்மாள் கார் செட்டுக்கு ஓடிப்போய், பிளக்கைச் சரிசெய்கிறவள்போல சுவிட்சைப் போட்டிருந்தாள்.

அன்றைக்கும் காப்பி நேரத்தில் நல்ல பேச்சு.

பாவம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அந்தப் பதினொரு பழைய மீன்களும் அவள் கையில் வளர்ந்தவை. ஆனாலும் மனுஷிக்கு ஒரு ஜன்னல் வேண்டியிருந்தது. சாகவிடவில்லையே, கொஞ்சம் மூச்சு முட்டத்தானே விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் தனக்கும் அவ்வளவுதானே செய்கிறார்கள். மாதத்துக்கு இரண்டுமுறை என்று வைத்துக்கொண்டாள். அஞ்சு பேச்செடுத்தால் மூன்று.

கார் செட்டு மேலே கேமரா இருப்பது அவளுக்குத் தெரியும். ராஜகுமார் அதை மாட்டும்போது என்னவென்று கேட்டிருக்கிறாள். "திருடனப் பாக்கதுக்கு அத்தை" என்று சொல்லியிருந்தான். திருடனுக்குத்தானே என்று அவள் அதை மறந்துவிட்டாள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. வானம் மூடிக் கிடந்தது. வெயிலே படாத குளம் பச்சைபிடித்துக் கலங்கி, ஒரு மாதிரி வாடை அடித்தது. அப்படிப்பட்ட நாளில் மீனுக்கு மூச்சு குறைவு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பன்னிரண்டு வருஷத்தில் மழைமூட்டமான காலையிலெல்லாம் படிப்பை இரண்டுமுறை சொல்லி ஊற்றியவள். ஆனால் முந்தைய நாள் மாலை அஞ்சு போனில் தன் அம்மாவிடம், "அடுத்த மாசம் வந்திரலாம் அம்மா, ரூமு சரியாவும்" என்று சொன்னதைக் கேட்டிருந்தாள்.

நாலரைக்கு சுவிட்சை அமர்த்தினாள். மழை விட்டிருந்தது. ஐந்து நிமிஷத்துக்குள்ளேயே மீன்கள் மேலே வந்துவிட்டன. இவ்வளவு சீக்கிரம் அவள் எதிர்பார்க்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஊற்றத் தொடங்கினாள். தண்ணீர் விழுகிற இடத்தில் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மோதின. பதினொரு மீனுக்குப் போதுமாயிருந்த வாளி அது. இப்போது நாற்பத்தொன்று. ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் வாய் பிளந்தது. படிப்பு ஒருமுறை முடிந்தது. கதவு திறக்கவில்லை.

ஐந்தேகால் ஆயிற்று. மழைக்குளிரில் கோலப்பன் எழுந்திருக்கவில்லை. சுவிட்ச் பத்தடி தூரத்தில் இருந்தது. போய்ப் போட்டுவிடலாம். போட்டுவிட்டால் இன்றைக்கு யாரும் எதையும் பார்க்கப்போவதில்லை. ஒரு நிமிஷம், இன்னும் ஒரே நிமிஷம் என்று ஊற்றினாள். வாளியைக் கருங்கல்லில் ஓங்கித் தட்டினாள். வேண்டுமென்றே இருமினாள். "அய்யா, அய்யா" என்று சத்தமாகச் சொன்னாள். வீட்டின் ஜன்னல்களெல்லாம் மழைக்கு அடைத்துக் கிடந்தன. படிப்பு இரண்டாம் முறை முடிந்தது. மூன்றாம் முறை பாதியில் வரிகள் தப்பின. முதுகில் கறுப்புத் திட்டு உள்ள பெரிய மீன், அவள் கையிலிருந்து நேரே சோறு வாங்கித் தின்னுவது, மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளை வயிற்றைக் காட்டியது.

அப்போதுதான் ஓடினாள். சுவிட்சைப் போட்டாள். குளம் கொதித்தது. அந்தக் கொதிப்பில் செத்த மீன்கள் உருண்டு உருண்டு உயிரோடு இருப்பவைபோல ஆடின.

ஆறு மணிக்கு வீடு முழுக்கக் குளத்தைச் சுற்றி நின்றது. முப்பத்தேழு செத்திருந்தன. பிழைத்த நாலும் சின்னவை. வினோஜ் வந்து மெஷினைக் கழற்றிப் பார்த்தான், ஒரு பழுதும் இல்லை. "பிளக்கு லூசாயிருக்கும் அண்ணே, முன்னயும் அப்பிடித்தானே நின்னுது. மழ மூட்டம் வேற. பெரிய மீனுதான் முதல்ல போவும். பெரிசுக்கு மூச்சு கூட வேணும்லா."

நனைந்த சேலையோடு, வலது கையைத் தூக்கமுடியாமல் படியில் உட்கார்ந்திருந்த பகவதியம்மாளைக் கோலப்பன் பார்த்தார். "பாவம்லே இவ. கை ஒடிய ஊத்தியிருக்கா. ஒருத்தனும் எந்திக்கலியே." பிறகு சொன்னார்: "சரி, நாறதுக்கு முன்ன தென்னமூட்டுல குழி வெட்டிப் போடு பகவதி. தேங்காயாவது காய்க்கட்டும்."

அவள்தான் போட்டாள். பழையவை பதினொன்றையும் தனியாக அடியில் வைத்தாள். அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அஞ்சு ஒரு தட்டில் சுடுகஞ்சியும் பயறுத் துவையலுமாக அவள் அறைக்கு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, வலிக்கிற தோளில் தைலம் தேய்த்துவிட்டாள். நன்றாகவே தேய்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினாள்.

படத்தில் கார் செட்டு இருந்தது. வெளிச்சம் குறைந்த சாம்பல் நிறத்தில் ஒரு கிழவி வந்தாள். சுவிட்சை அமர்த்தினாள். போனாள். அது யாரென்று அடையாளம் தெரிய பகவதியம்மாளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன் தோள் அவ்வளவு இறங்கியிருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"இது இண்ணைக்கு உள்ளது" என்றாள் அஞ்சு. "இன்னும் ஏழு நாளு உள்ளது இருக்கு. ஆடியிலேருந்து."

"ராசு பாத்தானா?"

"இல்ல. மாமாவும் பாக்கல. காட்டவும் மாட்டேன். அழிச்சிருவேன்."

பகவதியம்மாள் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழித்துறையில ஒரு இல்லம் இருக்கு அத்தை. ஆத்துப் பக்கம். நல்ல காத்து வரும். அனுப்ப மாமா சம்மதிக்கல. அவளா கேட்டா பாப்போம், நானா அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாரு. நீங்களா ஒரு வார்த்த சொன்னா எல்லாருக்கும் மரியாதை."

"ஒங்கம்மைக்கு எடம் வேணும்னா எங்கிட்ட நேர கேட்டிருக்கலாமே மக்கா."

"கேட்டா குடுத்திருப்பியளா?"

பகவதியம்மாள் யோசித்தாள். இத்தனைக்குப் பிறகு பொய் சொல்ல அலுப்பாக இருந்தது. "இல்ல" என்றாள்.

"எங்கம்ம ராத்திரி கக்கூசுக்குத் தவந்து போறா அத்தை. தனியா." அஞ்சுவின் கண் நிறைந்திருந்தது. "நான் என்ன செய்யட்டும்?"

பகவதியம்மாள் கஞ்சியை ஆறுவதற்குள் குடித்தாள்.

சாயங்காலம் கோலப்பன் பால் விடாத கட்டன் காப்பி குடிக்கும்போது போய் நின்றாள். "அண்ணே, நான் அந்தக் குழித்துறை எடத்துல போயி இருக்கேன்."

கோலப்பன் நிமிர்ந்தார். "என்னட்டி இது? மீனு செத்ததுக்கா? கிறுக்கு பிடிச்சா ஒனக்கு?"

"கை முடியல. வயசாச்சு."

"அங்கபோயி என்ன செய்வ நீ?"

அண்ணன் ஒரு தடவை 'வேண்டாம்' என்று சொன்னால் போதும், அஞ்சுவின் போனில் இருப்பது இருக்கட்டும், காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இங்கேயே கிடக்கலாம் என்று அவளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. கோலப்பன் கிளாசைச் சுழற்றி அடியில் கிடந்த கசண்டைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் அவருக்குச் சோறு பொங்கியவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காலம்பற கட்டன் உண்டுமா அங்க?" என்று கேட்டார்.

"உண்டு அப்பா" என்றான் உள்ளேயிருந்து வந்த ராஜகுமார். "நானும் அஞ்சும் போன மாசமே போயிப் பாத்துட்டு வந்தோம். ரூமு காத்தோட்டமா இருக்கு. அத்தை, ஒங்களுக்கு சன்னல் பக்கம் கட்டில் கேட்டிருக்கேன்."

"பின்ன என்ன?" என்றார் கோலப்பன். குரலில் பாரம் இறங்கிய சத்தம் இருந்தது.

கார்த்திகை முதல் வாரம் அவளைக் கொண்டுவிட கார் நின்றது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பை, பிளாஸ்டிக் கவரில் மருந்துகள். அன்று காலைதான் வினோஜ் புதிதாகப் பதினைந்து மீன்களைக் கொண்டுவந்து விட்டிருந்தான். ராஜகுமார் இந்தமுறை எண்ணிக்கையைக் குறைத்திருந்தான், பிளக்கை எடுத்துவிட்டு வயரை நேரடியாக இணைத்திருந்தான், சுவிட்சுக்கு மேல் ஒரு மூடியும் பூட்டும் போட்டிருந்தான். ஏன் பூட்டு என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"வானம் மூடிக் கெடக்க நாளு தீனி போடாத மக்கா" என்றாள் அஞ்சுவிடம். "தின்னுட்டுக் கெடந்தா மூச்சு கூட வாங்கும்."

"மெஷின் இருக்கே அத்தை" என்றாள் அஞ்சு. பிறகு குனிந்து அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "எங்க, பொட்டியெல்லாம் தூக்கிட்டு?" என்று கேட்டார்.

காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலப்பன் கண்ணைத் துடைத்தார். அந்த இடத்தில் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை, தெரிந்ததைச் சொன்னார்.

"மோட்டாரு பழுதாயிட்டு வோய். கம்பெனிக்குத் திருப்பி அனுப்புதேன்."

மதிலுக்கு மேலிருந்த தலை சிரித்தது. ராஜகுமார் சிரித்தான். டிரைவரும் சிரித்தான். காருக்குள் உட்கார்ந்திருந்த பகவதியம்மாளின் கை முந்தானையைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுபோயிற்று. அவளும் சிரித்தாள்.